பாயோடு ஒட்டவைக்கும் ஊர்: ஒரு சிறு நகரம் எப்படிப் புதுமை செய்கிறது?

'படைப்பூக்க நகரம்' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள எங்கள் ஊரான மட்டக்களப்பில் நடந்த ஒரு கூட்டத்தில். ஏசி மண்டபம், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், திரையில் வெளிநாட்டு நகரங்களின் படங்கள். வாவிக்கரையில் வண்ண விளக்குப் போடவேண்டும், சுவர்களில் ஓவியம் தீட்டவேண்டும், ஆட்கள் நின்று செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தவேண்டும் என்று பேசியவர் சொன்னார். கைதட்டினோம். ரோல்ஸ் சாப்பிட்டோம்.

வெளியே வந்தால் என் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளிக்கொண்டு போய் எதிரே இருந்த கராஜில் விட்டேன். இருபது வயது இருக்கும், ஒரு பொடியன். பழைய வாஷிங் மெஷினில் கழற்றிய மோட்டரைப் பலகையில் பூட்டி, அதன் முனையில் திருவலைப் பல்லைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"இது என்ன தம்பி?"

"தேங்காய் திருவுற மெஷின் அண்ணன். பின் றோட்டில இடியப்பக் கடை அக்கா கேட்டவ. ஒவ்வொரு நாளும் நாப்பது அம்பது காய் திருவி அவக்குக் கை விட்டுப்போச்சு."

மண்டபத்தில் மூன்று மணிநேரம் பேசிய விஷயம் றோட்டுக்கு இந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. வண்டி பழுதாகாமல் இருந்திருந்தால் நானும் பார்க்காமல்தான் போயிருப்பேன்.

சுவர் ஓவியத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையோடு இறங்கியபோது ஊர்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அழகான நகரம் வேறு, புதுமை செய்யும் நகரம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் விளக்குக்குச் செலவழித்துவிட்டு 'ஏன் ஒன்றும் நடக்கவில்லை' என்று தலையைச் சொறிகிறோம்.

## முதலில் இரண்டு சொற்கள்

படைப்பாற்றல் என்பது இதுவரை இல்லாத ஒன்றை யோசித்துச் செய்துபார்க்கும் திறமை. புத்தாக்கம் என்பது அப்படிச் செய்த ஒன்று பலருடைய கைக்குப் போய், வழக்கமாகி, அவர்கள் வேலை செய்யும் விதத்தையே மாற்றுவது. பொடியன் செய்த முதல் மெஷின் படைப்பாற்றல். அது பத்துக் கடைக்குப் போய், பதினோராவது கடைக்காரர் 'அந்த மெஷின் எங்கே எடுக்கலாம்' என்று தானாகக் கேட்டு வந்தால் புத்தாக்கம்.

இந்த வித்தியாசத்துக்கு நம் வடக்குக் கிழக்கு மக்களுக்குச் சொந்த உதாரணமே இருக்கிறது. போர்நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி உயிர் கொடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அபாரமான மூளை. ஆனால் தடை நீங்கிப் பற்றரியும் பெற்றோலும் வந்ததும் எல்லாம் மறைந்துபோயின. எனக்குத் தெரிந்து அதிலிருந்து ஒரு பட்டறையோ கம்பனியோ முளைக்கவில்லை. தேவை வந்தால் யோசிக்கத் தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். யோசித்தது தங்குவதற்குத்தான் ஊர் வேண்டும்.

## பாலும் உறையும்

மட்டக்களப்பு எருமைத் தயிரைத் தெரியாதவர் கிடையாது. தயிருக்குப் பால் வேண்டும். ஆனால் நல்ல பாலைச் சட்டியில் ஊற்றி வைத்தால் மட்டும் தயிராகாது, கெட்டுத்தான் போகும். வேறொரு சட்டியிலிருந்து கொஞ்சம் பழைய தயிர் எடுத்து உறை ஊற்றவேண்டும். பால் கொதிக்கும்போது ஊற்றினால் உறை செத்துவிடும், ஆறிக் குளிர்ந்த பிறகு ஊற்றினால் பிடிக்காது. ஊற்றிய பிறகு சட்டியை ஆட்டக்கூடாது. மண்சட்டி தண்ணீரை உறிஞ்சித் தயிரை இறுக்கும். பிளாஸ்டிக் வாளியில் அது நடக்காது.

ஒரு ஊரில் திறமைசாலிகள் இருப்பது பால் இருப்பது மாதிரி. 'எங்கள் ஊரில் எவ்வளவு திறமை இருக்கிறது தெரியுமா' என்று மேடைதோறும் கேட்கிறோம். சரி, இருக்கிறது. உறை எங்கிருந்து வருகிறது? சட்டி எது? யார் ஆட்டாமல் விடுகிறார்கள்? நகரங்களைப் பற்றி அறிஞர்கள் நூறு வருடத்துக்கு மேலாக ஆராய்ந்ததைச் சுருக்கினால் இந்த மூன்று கேள்விக்குள் அடக்கிவிடலாம்.

## தொழில் காற்றில் கலக்கும் இடம்

கல்முனைக்குச் சற்று வடக்கே மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன முஸ்லிம் ஊர். அண்ணனை அங்கே 'காக்கா' என்பார்கள். ஒரு நெசவாளர் வீட்டில் போய் அமர்ந்தேன். கூரைக்குக் கீழே தறிகள், 'தடக், தடக்' என்று நாடா ஓடும் சத்தம், மூலையில் ஒரு பெண் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றும் சக்கரம் ஒரு பழைய சைக்கிள் ரிம். இந்த வேலையை எங்கே படித்தீர்கள் காக்கா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "படிக்கிறதா? தறிக்குக் கீழ விளையாடித்தானே தம்பி வளர்ந்த நாங்க" என்றார்.

இங்கிலாந்துப் பொருளியலாளர் அல்ஃபிரட் மார்ஷல் 1890இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு தொழில் ஓரிடத்தில் நெடுங்காலம் இருந்தால் அதன் ரகசியங்கள் காற்றில் கலந்துவிடும், பிள்ளைகள் தமக்குத் தெரியாமலே கற்றுக்கொள்வார்கள் என்றார். ஒரே தொழிலும் அதைச் சார்ந்த தொழில்களும் ஓரிடத்தில் நெருங்கிக் கிடப்பதைத் தொழில் திரள் என்கிறோம். பக்கத்திலேயே சாயம் போடுபவர் இருக்கிறார். தறி பழுதுபார்க்கும் தச்சர் இருக்கிறார். எந்தக் கரை, எந்த நிறம் ஓடுகிறது என்று சொல்லும் வியாபாரி இருக்கிறார். புதிதாக ஒருவர் தொடங்கினால் எல்லாவற்றையும் தானே செய்யவேண்டியதில்லை.

திரளுக்குள்ளிருந்து புதுமை எப்படிக் கிளம்புகிறது? தமிழகத்துச் சிவகாசியைப் பார்த்தால் புரியும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதுதான் உறை. தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு லேபிளோடு மட்டும் ஏன் நிற்கவேண்டும்? நாட்காட்டி அச்சடித்தார்கள். மழை குறைந்த அந்த வறண்ட பூமி அச்சுத்தொழில் நகரமானதற்கு அரசாங்கத் திட்டம் காரணமில்லை, ஒரு வேலையின் ஓரத்திலிருந்து அடுத்த வேலை முளைத்ததுதான் காரணம்.

நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேகப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இதைத்தான் 1969இல் வலியுறுத்தினார். அவர் காட்டிய உதாரணம் சைக்கிள். ஜப்பானுக்கு வெளிநாட்டுச் சைக்கிள் வந்தபோது டோக்கியோவில் பழுதுபார்க்கும் கடைகள் முளைத்தன. உதிரிப்பாகம் விலை அதிகம் என்பதால் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு பாகத்தைத் தானே செய்யப் பழகியது. கடைசியில் அந்தக் கடைகளிடம் பாகங்களை வாங்கிக் கோத்தாலே முழுச் சைக்கிளும் வந்துவிடும் என்ற நிலை. சைக்கிள் தொழில் பழுதுபார்த்ததிலிருந்து பிறந்தது. அதனால்தான் எங்கள் ஊர் கராஜ்காரரையும் லேத் பட்டறைக்காரரையும் 'சின்ன வேலை செய்பவர்கள்' என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

இதுவரை பார்த்தது: திறமை மட்டும் போதாது, வேலைகள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கவேண்டும், ஒன்றின் ஓரத்தில் அடுத்தது முளைக்க இடம் இருக்கவேண்டும்.

## நெருங்கிய சொந்தமும் எப்போதாவது காண்பவரும்

ஆனால் மட்டக்களப்பு நகரம் சிவகாசி இல்லை. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் இடம். எந்த ஒரு தொழிலிலும் பெருந்திரள் கிடையாது. அப்போது என்ன வழி?

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் 'இந்த வேலை இருப்பது யார் மூலம் தெரிந்தது' என்று கேட்டார். நெருங்கிய நண்பர், மாமா, மச்சான் என்று பதில் வரும் என்றுதான் நாமும் நினைப்போம். ஆனால் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலானோர் அந்தத் தெரிந்தவரை எப்போதாவதுதான் காண்பவர்கள். பழைய அலுவலகத்தில் கூட வேலை செய்தவர், என்றோ படித்த சகபாடி, இப்படி. 1973இல் இதைக் கட்டுரையாக எழுதினார். இப்படிப்பட்ட மெல்லிய அறிமுகங்களுக்குத் தளர்ந்த உறவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

காரணம் எளிது. என் மச்சானுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் ஏற்கெனவே தெரியும். நாங்கள் ஒரே கோயில் திருவிழாவில் நிற்கிறோம், ஒரே கலியாண வீட்டில் சாப்பிடுகிறோம். புதிய செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வரவேண்டும். நெருங்கிய உறவு சோறு போடும். தளர்ந்த உறவு செய்தி கொண்டுவரும். கிரானோவெட்டர் அதைப் பாலம் என்றே சொன்னார். மட்டக்களப்பு நகரின் நடுவே வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பாலம் இல்லாவிட்டால் நாங்கள் தீவுக்காரர்கள்.

எங்கள் பகுதியின் சிக்கலும் இங்கேதான். நெருங்கிய உறவுக்கு இங்கே பஞ்சமேயில்லை. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை இருக்கிறது. எந்தக் குடி, எந்தக் கோயில், எந்தப் பள்ளி என்று இரண்டு கேள்வியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சுனாமி அடித்த 2004 டிசம்பருக்குப் பிறகு அந்தச் சொந்தம்தான் பலரைத் தூக்கி நிறுத்தியது. குறைவது பாலம். வாவிக்குக் கிழக்கே, கடலோரம் இருக்கும் எழுவான்கரைக்காரருக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் நெல் எப்படிக் காய்கிறது என்று தெரியாது. வந்தாறுமூலையில் இருக்கும் பல்கலைக்கழகம் நகரத்திலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல். 'கம்பஸ்' என்றால் பஸ்ஸில் கடந்துபோகும் மதில் என்ற அளவில்தான் பலருக்கு அறிமுகம். 1990க்குப் பிறகு தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவே விழுந்த வெட்டு எல்லாவற்றையும்விட ஆழமானது. அடுத்தடுத்த ஊர்கள், ஒரே றோட்டு. ஆனால் தச்சர் எந்தப் பக்கம், வாங்குபவர் எந்தப் பக்கம் என்று பார்த்து நடந்த காலம் அது. புதுமைக்கு அது எவ்வளவு நட்டம் என்று யாரும் கணக்குப் போட்டதில்லை.

தளர்ந்த உறவு எங்கே உண்டாகிறது? வீடு முதல் இடம், வேலைத்தலம் இரண்டாவது. இரண்டும் இல்லாமல் யாரும் வந்து அமர்ந்து பேசக்கூடிய இடத்தை ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர் மூன்றாம் இடம் என்றார். தேத்தண்ணிக் கடை, நூலகம், சந்தை, கல்லடிக் கடற்கரை, மீன் வாடி நிழல். ஒரு நிபந்தனை உண்டு: அங்கே மருத்துவரும் மீன்காரரும் ஒரே வாங்கில் உட்காரவேண்டும். நூறு ரூபாய்க்குள் ஒரு மணிநேரம் இருக்க முடியாத கஃபே மூன்றாம் இடமாகாது. அதில் வருவது ஒரே வகை ஆட்கள்.

## வந்தவரை ஒட்டவைப்பது

மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு. மந்திரம் போட்டு மயக்கிவிடுவார்களாம். இங்கே வேலைக்கு வந்து, இங்கேயே கலியாணம் முடித்து, திரும்பிப் போகாத உத்தியோகத்தர்களைப் பார்த்துக் கட்டிய கதை என்பது என் எண்ணம். நாங்கள் கோபப்படுவது போலக் காட்டினாலும் உள்ளுக்குள் அது எங்களுக்குப் பெருமைதான்.

நகரக் கோட்பாட்டில் பிரபலமான ஒரு கருத்து கிட்டத்தட்ட இந்தப் பாய்க் கதைதான். ரிச்சர்ட் ஃபுளோரிடா 2002இல் சொன்னார்: தொழில்நுட்பம், திறமையாளர், சகிப்புத்தன்மை இந்த மூன்றும் சேரும் நகரமே வளரும், வித்தியாசமானவர்களை வரவேற்கும் ஊருக்குத் திறமையாளர் வருவார்கள். உலகம் முழுக்க மேயர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அப்படி வளர்ந்த நகரங்களில் வாடகை ஏறிப் பழைய குடியிருப்பாளர்கள் வெளியே தள்ளப்பட்டதையும் ஏற்றத்தாழ்வு கூடியதையும் 2017இல் அவரே எழுதினார். ஆகவே இந்தக் கருத்தை அப்படியே விழுங்கவேண்டியதில்லை. ஆனால் வெளியிலிருந்து வருபவர் உறை என்பது மட்டும் சரி.

எங்கள் வரலாறே அதற்குச் சாட்சி. 1814இல் வந்த வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் தொடங்கிய பள்ளி இன்று மத்திய கல்லூரி. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். தச்சும் கம்மாலை இரும்பு வேலையும் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த தொழில்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் கூடைப்பந்தைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளின் பெயரில்தான் எங்கள் மைதானம் இருக்கிறது. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாட்டில் மட்டக்களப்புக்காரனுக்குக் கூடைப்பந்து எப்படி வந்தது என்று வெளியூரார் கேட்பார்கள். ஆள் வந்தார், தங்கினார், பிள்ளைகளுக்குப் பழக்கினார். அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை எடுங்கள். விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பண்டிதர், துறவி. இசையும் கணக்கும் பழந்தமிழும் ஒரே தலைக்குள் சந்தித்ததால்தான் மறைந்துபோன யாழைப் பற்றி அவரால் ஆராய முடிந்தது. அந்த ஆய்வு 1947இல் நூலாக வந்தது. 'எங்கள் மண்ணின் மைந்தர்' என்று சிலை வைத்திருக்கிறோம். ஆனால் அந்த மூன்றும் சந்தித்தது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் அவர் அலைந்த அலைச்சலில். ஊர் அவரைப் பெற்றது; அந்த வேலைக்கு வேண்டிய பாலங்கள் அன்று ஊரில் இருக்கவில்லை. சிலை திறக்கும் உரைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

சுருக்கமாக: உறவு இறுக்கமாக இருந்தால் ஊர் தாங்கும், தளர்ந்த உறவும் வெளியாரும் இருந்தால் ஊர் மாறும். இரண்டும் வேண்டும்.

## கூத்து காட்டும் வழி

பழையது ஒருபக்கம், புதுமை எதிர்ப்பக்கம் என்று நினைப்பது இன்னொரு தவறு. கூத்தைப் பாருங்கள். அதன் இரண்டு பாணிகளான வடமோடியும் தென்மோடியும் வட்டக்களரி என்ற வட்டமான திறந்த அரங்கில் விடிய விடிய ஆடுபவை. அண்ணாவியார்தான் ஆசிரியர், இயக்குநர், மத்தளக்காரர் எல்லாம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்பு மாணவர்களையும் அண்ணாவிமாரையும் ஒன்றுசேர்த்து, இரவு முழுக்க ஆடும் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். மாணவராக அதில் நின்ற மட்டக்களப்பின் மௌனகுரு 'இராவணேசன்' எழுதி, இராவணனாக ஆடினார். அண்ணாவியாரின் காலடியும் பேராசிரியரின் வாசிப்பும் ஒரே பயிற்சிக்கூடத்தில் சந்தித்தால் நடப்பது இது.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மேடைக்காகக் கூத்தைச் சுருக்குவது யாருக்காக என்று அடுத்த தலைமுறை கேட்டது. சி. ஜெயசங்கர் போன்றவர்கள் சீலாமுனையில் கூத்தை அதன் களரியிலேயே, ஆடுகிற ஊர்க்காரரோடு உட்கார்ந்து பேசி மீளுருவாக்கம் செய்தார்கள். பாத்திரங்களை, பெண்களைப் பற்றிய வரிகளை ஊரே கேள்வி கேட்டு மாற்றியது. யார் பக்கம் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒரே கலையைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து வருடக்கணக்கில் வாதாடும் ஊரில் அந்தக் கலை செத்துப்போகாது.

## சின்ன ஊரின் லாபமும் நட்டமும்

சின்ன ஊரால் முடியாது என்பவர்களுக்கு இத்தாலியின் ஃபாப்ரியானோவைக் காட்டலாம். சுமார் 30,000 பேர் வாழும் ஊர். 13ஆம் நூற்றாண்டிலிருந்து காகிதம் செய்கிறது. தாளுக்குள் நீரோட்டக் குறி பதிப்பது அங்கே தொடங்கியது. நம் பணத்தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறதே, அந்தக் குறி. யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வலையமைப்பில் 2013இல் சேர்ந்தது. அந்த அங்கீகாரம் எழுநூறு வருட வேலைக்குப் பிறகு வந்தது. நாம் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கப் பார்க்கிறோம்.

ஸ்பெயினின் பில்பாவோவையும் அடிக்கடி காட்டுவார்கள். 1997இல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள், ஊரே மாறியது என்று. அதற்கு முன்பே ஆற்றைச் சுத்தப்படுத்தத் தொடங்கியதும், 1995இல் மெட்ரோ ரயில் ஓடியதும் கதையில் விடுபட்டுப்போகும்.

சின்ன ஊரின் லாபம், எல்லாம் கிட்ட இருப்பது. கராஜிலிருந்து லேத் பட்டறைக்கு, அங்கிருந்து வங்கிக்கு, அங்கிருந்து கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு காலையில் சைக்கிளில் போய்விடலாம். கொழும்பில் அது மூன்று நாள் வேலை. வாடகை குறைவு, அதனால் தவறு செய்தாலும் முழுகிப்போகமாட்டோம். நட்டம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருப்பது. ஒரு முயற்சி தோற்றால் சந்தியில் நிற்க முடியாது. "உனக்கு ஏன் இந்த வேலை, ஒழுங்கா ஒரு கவர்மெண்ட் வேலை பார்த்திருக்கலாமே" என்று தாய் மாமா கேட்பார். பெருநகரத்தில் தோற்றவனை யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் வேறு கடை போடுவான். இங்கே பத்து வருடம் கழித்தும் 'அந்தக் கடை போட்டு நொடிச்ச பொடியன்' என்றுதான் அடையாளம். தயிர்ச் சட்டியை ஆட்டாமல் விடுவது என்று மேலே சொன்னேனே, எங்கள் ஊருக்கு மிகக் கடினமான பாகம் அதுதான்.

அந்தக் கராஜ் பொடியன் மூன்று மெஷின் செய்தான். நாலாவது செய்யவில்லை, கட்டாருக்குப் போய்விட்டான். போன மாதம் இடியப்பக் கடை அக்காவின் மெஷின் நின்றுவிட்டது. நான் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்காரர், தேங்காய் மெஷினை அன்றுதான் காண்கிறார். அக்கா வட்ஸப்பில் வீடியோ அழைப்பு எடுத்து, போனைத் தேங்காய்க் குவியலில் சாய்த்து வைத்தார். தலைக்கவசத்தோடு ஒரு கட்டடத்து நிழலில் நின்று பொடியன் சொல்லச் சொல்ல இவர் ஆணியைக் கழற்றினார்.

"காக்கா, அந்தப் பல்லு நான் சும்மா வெல்டிங் பிடிச்சது. நீங்க லேத்தில கடைஞ்சா இன்னும் நல்லா வரும்" என்றான் பொடியன்.

அவர் பல்லைக் கையில் எடுத்து, கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை கடைக்கு வேணும்?" என்றார்.